கை வைத்த இலை

என் இலையில் போட்ட சோறு ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் எங்கள் ஊரில் யாரும் யாரையும் பந்தியிலிருந்து எழுப்பவில்லை, அழைப்பே இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தவனை எழுப்பவில்லை, பஸ் கிளம்ப நேரமிருக்கிறதே என்று வந்து சாப்பிட்டுப் போன கண்டக்டரை எழுப்பவில்லை, இரண்டாம் முறையாகப் பாயசத்துக்கென்றே வந்து உட்கார்ந்தவனைக்கூட எழுப்பவில்லை. அதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பயந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஆட்டு வியாபாரி. பெயர் தனுக்கோடி. சந்தையில் என்னைத் திட்டாத ஆள் கிடையாது. கிழட்டு ஆட்டைக் குட்டி என்று தலையில் கட்டப் பார்க்கிறாயே, உன் குடும்பம் விளங்குமா என்று கேட்பார்கள், நானும் பதிலுக்கு அவர்கள் தாத்தா வரைக்கும் போய்த் திரும்புவேன், பிறகு துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்து விலையை முடித்துவிட்டு ஒரே டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிப்போம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. திட்டுகிறவன் எதிரே நின்று முகத்தைப் பார்த்துத் திட்டுகிறான், அங்கே ஒரு ஆள் நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவமரியாதை சத்தம் போடாது. அது சிரித்துக்கொண்டே வரும், தோளில் கையை வைக்கும், நம்ம ஆளுதான என்று சொல்லும்.

என் தங்கை வெயிலாச்சியை ரத்தினவேலுக்குக் கட்டிக் கொடுத்தபோது அவர் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்குகிற வேலையில் இருந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பிறகு அவரே சொந்தமாக ஒரு ஆபீஸ் போட்டார், பிறகு இன்னொன்று, பிறகு கார். நான் ஆட்டோடே இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் தாய்மாமன் என்று சொல்லி மாலையை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தக் கையோடு முதல் பந்தியில், ஜன்னலோரம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள், கூட்டும் பொரியலும் வடையும் அப்பளமும் வைத்தார்கள், சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, நெய்யை விட்டார்கள். ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டேன். அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது.

"மச்சான், பேங்க் மேனேஜர் வந்துட்டாரு. நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில உக்காந்துக்கிடுங்க."

ரத்தினவேல் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேங்க் மேனேஜர் வெளியூர்க்காரர், பதறிப்போனார். "ஐயோ, சாப்பிடட்டும் சார், நான் அடுத்ததுல உக்கார்றேன்" என்றார். அந்நியனுக்குத் தெரிந்தது. என் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. "அட, அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு சார்" என்று என் சார்பில் அவரே சொல்லிக்கொண்டார். நெய்க் கிண்ணத்தோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தவள் வெயிலாச்சி. அவள் கிண்ணத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். சோற்றில் கை வைத்தவனை எழுப்பினால் என்ன அர்த்தம் என்று அந்தப் பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயடியில் கையைக் கழுவிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போனேன்.

பேங்க் மேனேஜர் என் இலையில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை என்றும் சொன்னார்கள், நாற்காலி பின்னால் நகரவில்லையாம். பந்தி முடிந்து இலை எடுக்க வந்த இரண்டு பெண்களும் வரிசையாக எடுத்துக்கொண்டே வந்து என் இலையில் நின்றார்கள்.

"ஏட்டி, இது வர மாட்டேங்கு."

"நல்லா இழுட்டி, காலையில சாப்பிடலயா?"

"நீ வந்து இழு பாப்போம், பெரிய பலசாலி."

அவளும் இழுத்தாள். இலையின் ஓரம்கூடக் கிழியவில்லை. மண்டபத்து மேனேஜர் சுடலைமணி வந்து, குனிந்து பார்த்து, சோற்றில் ஒரு விரலை வைத்துச் சுட்டுக்கொண்டு, "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோதும் சூடாகத்தான் இருந்தது. நெய் உறையவில்லை, அப்பளம் நமுக்கவில்லை, என் ஐந்து விரலும் பதிந்த குழி சோற்றில் அப்படியே இருந்தது. மேஜையோடு தூக்கிக் கொல்லைப்பக்கம் போட்டுவிடலாம் என்று ஆட்களைக் கூட்டிவந்தார், மேஜையும் நகரவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் வந்து பார்த்தார்கள். "ஓரமாத்தான கெடக்கு, யாருக்கு என்ன தொந்தரவு" என்று ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுப் பந்தி போட்டார்கள். கூடையின் இண்டு இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள், அப்பளம் ரெண்டாவது தடவை வரவில்லை என்று குறை சொன்னார்கள், போனார்கள். எங்கள் ஊர் அப்படித்தான் எதையும் ஏற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில் சளி பிடித்த பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து கூடையைத் திறந்து ஆவி காட்டிவிட்டுப் போனார்கள். கேஸ் தீர்ந்துபோன வீட்டுக்காரி ஒருத்தி பாலைக் கொண்டுவந்து இலையோரம் வைத்துச் சுட வைத்துக்கொண்டு போனதாகவும் சொன்னார்கள், அது பொய்யாக இருக்கும், ஆனால் பொய் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

பிறகு வழக்குகள் வர ஆரம்பித்தன. சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஒருவர் வந்தார். பத்திரிகையில் தன் பெயரை டிரைவர் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்தார், அந்த டிரைவரும் வந்து, ஏன், என் பெயரை மேலே போட்டால் என்ன என்று கேட்டு, அதுவும் ஒரு வழக்கானது. காப்பி டம்ளரைத் தரையில் வைத்துக் காலால் நகர்த்திவிட்டாள் என்று மாமியார்மீது ஒரு மருமகள் வந்தாள். எல்லோரும் கூடையைத் திறந்து, இலை முன்னால் நின்று, நடந்ததைச் சொல்வார்கள். ஆவி சொல்கிறவர் பக்கம் சாய்ந்தால் அது அவமரியாதைதான் என்று கணக்கு. ஜன்னல் காற்றிலும் ஆவி சாயும், அதனால் சுடலைமணி ஜன்னலைச் சாத்திவிட்டு, காத்தாடியை நிறுத்திவிட்டுத்தான் பேச விடுவார். மாமியார் வழக்கில் ஆவி மருமகள் பக்கம் சாய்ந்து அவள் முகமே நனைந்துபோனதாம். மாமியார் அன்றைக்கே புது டம்ளர் வாங்கினாள்.

அதற்குப் பிறகு ஊரில் மரியாதை கூடிக்கொண்டே போனது, கூடக்கூட மூச்சு முட்டியது. நீங்க மொதல்ல உக்காருங்க, இல்ல நீங்க உக்காருங்க என்று நின்று நின்று பந்திகள் சாயங்காலம் வரை இழுத்தன. டீக்கடையில் கிளாசை நீட்டும்போது இடது கை பட்டுவிட்டதோ என்று மாஸ்டர் வேர்த்தார். அண்ணன் தம்பிகள் பேசும்போதுகூட வார்த்தையை எடைபோட்டுப் பேசினார்கள். எங்கேயாவது இன்னொரு இலை ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோர் மனசிலும்.

இதையெல்லாம் சந்தைக்கு வருகிறவர்கள் வந்து எனக்குச் சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் மண்டபத்துப் பக்கம் போகவில்லை, தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு மண்டபத்து ரோட்டில் போகும்போது மட்டும் வெயிலாச்சி மண்டப வாசலில் பனையோலை விசிறியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தைநாள்தோறும் வந்து, கூடையைத் தூக்கி, ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு இலைக்குப் பக்கத்தில் நிற்பாளாம். உட்கார மாட்டாளாம். அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஆட்டைப் பார்ப்பேன்.

இளையவள் பொன்மாரிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் வீடு பக்கத்து ஊர், நல்ல இடம், பெண்ணும் பையனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், எல்லாம் கூடி வந்தது. பையனின் தாத்தா மண்டபத்தைப் பார்க்க வந்தவர் கூடையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். சொன்னார்கள். "தாய்மாமன் கை வச்ச இலை கெடக்கிற எடத்துல எங்க பேரன் மாலை மாத்த மாட்டான்" என்றார். வேறு மண்டபம் பார்க்கலாம் என்று ரத்தினவேல் சொன்னதற்கு, "எலை இங்க கெடந்தா என்ன, எங்க கெடந்தா என்ன? அவரு வந்து சாப்பிட்டு மடிக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. நான் போகவில்லை என்றால் பொன்மாரியின் கல்யாணம் நின்றுவிடும்.

நான் காத்திருந்தேன். ரத்தினவேல் ஒரு வார்த்தை நேரில் வந்து கேட்டால் போதும்.

முதலில் ஆபீஸ் கணக்குப்பிள்ளை வந்தார். நான் ஆட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். படலுக்கு வெளியே நின்றபடியே வேட்டி சேலை வைத்த தட்டை நீட்டினார். ஈரக்கையோடு நிற்கிறேன், வாங்குவேனா? "வச்சிட்டுப் போகட்டுமா?" என்றார். "எடுத்துட்டுப் போங்க" என்றேன். அடுத்தது கார் டிரைவர். செல்போனை என் காதுக்கு நேரே கொண்டுவந்து, "மொதலாளி லைன்ல இருக்காரு, பேசுங்க" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து ரத்தினவேல் வேறு யாரிடமோ குச்சி லோடு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை ஆட்டின் காதில் வைத்தேன். ஆடு பேசியது. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு ஓடிப்போனான்.

மூன்றாவதாகப் பொன்மாரியே வந்தாள். படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க வரலேன்னா என் கல்யாணம் நடக்காது."

"உங்கப்பா வந்து கூப்பிடட்டும் தாயி."

"அவரு வர மாட்டாரு. அவருக்கு அது என்னன்னே புரியல மாமா. நான் என்ன தப்பு செஞ்சேன், அடுத்த பந்தியில உக்காரத்தான சொன்னேன், மச்சான் இவ்வளவு பெருசு பண்ணுறாருன்னுதான் இன்னமும் சொல்லுறாரு."

"அப்ப நானும் வர மாட்டேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாந்தான மாமா நிக்கிறேன்?" என்றாள். பிறகு, "அம்மாவும்" என்றாள். அவள் எழுந்து படலைச் சாத்திவிட்டுப் போனாள், கொக்கியைச் சரியாக மாட்டிவிட்டுத்தான் போனாள், அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ரத்தினவேலின் கார் வந்து நின்றது. இறங்கினார். படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, உள்ளே வந்தால் அழுக்காகிவிடும். என்னைப் பார்க்கவில்லை, கொட்டிலில் நின்ற கிடாயைப் பார்த்து, "நாளைக்கு வந்துருங்க மச்சான்" என்றார். கிடாய் அவரைப் பார்த்தது. இது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து கேட்டு வாங்குகிற மரியாதை மரியாதை ஆகுமா? பொன்மாரி கொக்கியை மாட்டிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. "வர்றேன்" என்றேன்.

மண்டபத்தில் நான் நுழைந்ததும் மேளக்காரர்கள்கூட ஒரு நொடி தடுமாறினார்கள். என் இலை மடிந்த பிறகுதான் தாலி என்று பேச்சு, அதனால் வழக்கத்துக்கு மாறாகப் பந்தி முதலில் போட்டிருந்தார்கள். வரிசை முழுக்க ஆட்கள். ஜன்னலோரத்து நாற்காலியும் அதன் பக்கத்து நாற்காலியும் மட்டும் காலி. ஊரே சுவரோரமாக நின்று பார்க்க, சுடலைமணி கூடையைத் தூக்கினார். இத்தனை வருஷத்து ஆவி என் முகத்தில் அடித்தது, பருப்பும் நெய்யும் அன்றைக்கு மணந்த அதே மணம். நாற்காலியை இழுத்தேன், வந்தது. ஊருக்குக் காட்டுவதற்காக ரத்தினவேல் என் பக்கத்து நாற்காலியில் தானும் வந்து உட்கார்ந்தார், அவருக்கும் இலை போட்டு நெய் தவிர எல்லாம் வைத்தார்கள். நெய்க் கிண்ணத்தோடு எதிரே நின்றது வெயிலாச்சி. நான் என் ஐந்து விரலையும் அந்தக் குழிக்குள் விட்டேன். ஆட்டுக் கயிறு இழுத்து இழுத்து விரல்கள் வளைந்துபோயிருந்தன, ஆனாலும் பொருந்தின. சோறு சுட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பரபரப்பு. பையனின் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார், மாமன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார். ரத்தினவேல் துள்ளி எழுந்து கும்பிட்டார். வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். எல்லா நாற்காலியிலும் ஆள். அவர் இப்போதுதான் எழுந்த அவருடைய நாற்காலி காலியாக, அவருடைய முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது. அது அவர் கண்ணில் படவே இல்லை.

என் தோளில் கை விழுந்தது.

"மச்சான், ஒரு நிமிஷம். நம்ம ஆளுதான..."

கரண்டிச் சத்தம் நின்றது. காத்தாடியை யாரும் நிறுத்தவில்லை, ஆனால் ஆவி நேராக நின்றது, ஒரு பக்கமும் சாயவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், கை தோளிலேயே இருந்தது, எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. மணவறைப் பக்கத்தில் பொன்மாரி எழுந்து நின்றுவிட்டாள். என் உடம்பு எழுந்துகொள்ளத் தொடங்கியது. இந்த முறை எழுந்தால் அந்த இலை நான் செத்த பிறகும் கிடக்கும், அந்தப் பிள்ளை கழுத்தில் தாலி ஏறாது, எல்லாம் தெரிந்தும் எழுந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் கோபம் அப்படி.

"எந்திரிக்காதண்ணே."

வெயிலாச்சி அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கிண்ணத்தை ரத்தினவேலின் கையில் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார், வாங்கியதால் என் தோளிலிருந்து கை போய்விட்டது. சுற்றிவந்து, அவருடைய நாற்காலியில், அவருடைய இலைக்கு முன்னால், பெண்ணைப் பெற்றவள், எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரத்தைச் சுரண்டும்போது சாப்பிட வேண்டியவள், முதல் பந்தியில் உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன இது?" என்றார் ரத்தினவேல். "எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நானும் நம்ம ஆளுதான? அன்னைக்கு எங்கண்ணன எழுப்புனப்ப இந்தக் கிண்ணத்தத்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னைக்கு நீங்க புடிங்க." பிறகு பெரியவரைப் பார்த்து, "பெரியப்பா, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, எங்கண்ணன் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்" என்றாள்.

பெரியவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். "எனக்கென்னம்மா அவசரம், வந்ததே அதப் பாக்கத்தான்" என்றார். ரத்தினவேலைப் பார்த்து, "நெய்ய ஊத்துங்க சம்பந்தி, ஒங்க வீட்டம்மா இலையில வெறும் சோறுல்ல இருக்கு" என்றார்.

ரத்தினவேல் ஊற்றினார். கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது.

சாப்பிட்டேன். பருப்புச் சோறு, பிறகு சாம்பார், பிறகு ரசம், எல்லாம் ரத்தினவேல்தான் கொண்டுவந்து ஊற்றினார், ஊற்றிவிட்டு அடுத்தது எது என்று தெரியாமல் நின்றார், வெயிலாச்சி விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். அந்தப் பழைய அப்பளத்தை நான் நொறுக்கிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இலையோரத்தில் வைத்த உப்பை மட்டும் தொடவில்லை. அவருடைய உப்பு அவருக்கே இருக்கட்டும்.

இனி மடிக்க வேண்டும். நல்ல காரியத்தில் நம் பக்கமாக மடித்தால் உறவு தொடரும், எதிர்ப்பக்கமாக மடித்தால் அது துக்க வீட்டு மடிப்பு, அத்தோடு முடிந்தது. ஊர் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். வெயிலாச்சி தன் இலையின் மேல்விளிம்பில் கையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் மடித்தால் மடிப்பாள், எந்தப் பக்கம் மடித்தாலும் மடிப்பாள். என் பக்கமாக மடித்தேன். அவளும் மடித்தாள். என் இலை மேஜையை விட்டு எழுந்துவந்தது, அடியில் காகித விரிப்பில் ஒரு ஈரத்தடம் மட்டும் இருந்தது. ஆவி நின்றது. மேளம் தொடங்கியது.

அடுத்த முகூர்த்தத்திலேயே அந்த மண்டபத்தில் யாரையோ பந்தியிலிருந்து எழுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆளின் இலை சாதாரணமாக வாடி, சாதாரணமாகக் குப்பைக்குப் போனதாம். வழக்குச் சொல்ல வந்தவர்கள் வெறும் மேஜையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். டீக்கடை மாஸ்டர் இடது கையால் கிளாசை நீட்டுகிறார்.

ரத்தினவேலோடு நான் பேசுவதில்லை. தங்கை வீட்டுக்குப் போகிறேன், அவர் உள்ளே இருந்தால் வாசலில் நிற்கிறேன், அவள் அங்கேயே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தானும் ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள்.

பொன்மாரி கல்யாணத்தன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, கடைசிப் பந்தியில், அண்டா கழுவப் போகும் நேரத்தில், ரத்தினவேல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாராம். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துவிட்டு, சோறு ஜில்லென்று இருக்கிறதே, இதுவும் அந்த இலையோட வேலையா என்று சமையல் மாஸ்டரைப் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

"இல்லங்க மொதலாளி" என்றாராம் மாஸ்டர். "கடைசிப் பந்தி எப்பவும் இப்பிடித்தான் இருக்கும். ஒங்க வீட்டம்மாவக் கேட்டுப் பாருங்க."